கடைத்தெரு பக்கத்தில் வாடகை வீடு: பல்லாவரம் முதல் தாம்பரம் வரை தேடுகிறவர்களுக்கு

சென்னையின் தெற்குப் புறநகரில் வாடகைக்கு ஒரு அடுக்குமாடி வீடு தேடுகிறீர்கள். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று மனதில் ஒரு வட்டம் போட்டாயிற்று. கடைத்தெரு பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் முதல் நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான். ஆனால் எந்தக் கடைக்குப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வருடத்துக்கு நாலு தடவை போகும் கடைக்காக மாதாமாதம் கூடுதல் வாடகை கொடுப்பீர்கள்.

எந்தக் கடை பக்கத்தில் இருக்க வேண்டும்?

குரோம்பேட்டை என்றதும் நினைவுக்கு வருவது ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை) வரிசையாக நிற்கும் பெரிய ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும்தான். தி.நகர் வரை போகாமல் தீபாவளித் துணி எடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கடைகளுக்கு மாதம் ஒருமுறை போனாலே அதிகம். அதற்கு வீடு பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, பேருந்தில் நாலு நிறுத்தம் தள்ளி இருந்தால் போதும்.

தினமும் தேவைப்படுவது வேறு. காலையில் பால், மாலையில் தோசை மாவு, இரண்டு நாளைக்கு ஒருமுறை காய்கறி, ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கடை. இந்த நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் வீடுதான் உண்மையில் கடைக்குப் பக்கத்து வீடு. ரேஷன் பொருள் வாங்குகிறவர் என்றால் அந்தக் கடை எந்தத் தெருவில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி மூட்டையோடு திரும்பி வருகிற வழி அது.

கைப்பேசி வரைபடத்தில் கடை 400 மீட்டர் என்று காட்டுகிறதே, போதாதா?

போதாது. இந்தப் பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையும் கடற்கரை-தாம்பரம் ரயில்பாதையும் அருகருகே தெற்கு நோக்கி ஓடுகின்றன. சாலை மேற்கே, தண்டவாளம் கிழக்கே. ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் எல்லாம் தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கும் குடியிருப்புகள். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலைக் கடைக்குப் போக, தண்டவாளத்தைக் கடந்தாக வேண்டும். வரைபடத்தில் விரல் அகலம் இருப்பது, சுரங்கப்பாதையோ நடைமேம்பாலமோ இருக்கும் இடம் தேடிப் போனால் கால் மணி நேரமாகிவிடும்.

ரயில்பாதைக்கு மேற்கே குடியிருந்தாலும் இதே கேள்வி உண்டு. சாலைக்கு எதிர்ப்புறம்தான் காய்கறிக் கடை என்றால், அந்தப் போக்குவரத்தில் இரு கையிலும் பையோடு அம்மா எப்படிக் கடப்பார்? ஆகவே வீடு பார்க்கப் போகும்போது வண்டியை நிறுத்திவிட்டு, வீட்டு வாசலிலிருந்து கடை வரை ஒருமுறை நடந்து போய்த் திரும்புங்கள். மாலை ஆறரை மணிக்கு நடந்தால் இன்னும் நல்லது. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். அவர் கால் சொல்வதை நம்பலாம்.

கடைத்தெருவிலேயே வீடு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாமா?

யோசித்து எடுங்கள். தாம்பரம் மேற்கில் சண்முகம் சாலை கடைத்தெருவை ஒட்டி வீடு என்றால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும், ரயில் நிலையமும் பக்கம். ஆனால் வண்டி நிறுத்த இடம் இருக்காது, சத்தம் ஓயாது, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கு ஆட்டோ வருவதே கஷ்டம். பழைய பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சந்தை கூடும் பக்கத்திலும் அப்படித்தான். செடி முதல் பழைய மரச்சாமான் வரை அங்கே மலிவாகக் கிடைக்கும். சந்தை நாளில் அந்தத் தெருக்களில் நுழைவது வேறு விஷயம்.

என்னைக் கேட்டால், கடைத்தெருவிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, ஐந்து முதல் பத்து நிமிட நடையில் இருக்கும் வீட்டைத் தேடுங்கள் என்பேன். அதே பணத்துக்கு அங்கே ஓர் அறை கூடுதலாகவோ, காற்றோட்டமான பால்கனியோ கிடைக்க வாய்ப்பு உண்டு. கூடுதல் வாடகை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதைக் கடைக்குக் கொடுக்காமல் ரயில் நிலையத்துக்குக் கொடுங்கள். மளிகைச் சாமான் வீட்டுக்கே வந்துவிடும், ரயில் வராது.

வேலை ஓ.எம்.ஆர். (துரைப்பாக்கம் வழியாகப் போகும் பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் என்றால் கணக்கு மாறும். பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலைக்கு அருகே பாருங்கள். சொந்த ஊர் தென்மாவட்டம் என்றால், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்துதான் பேருந்து பிடிக்க வேண்டும். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் குடியிருப்பவருக்கு அது வசதி. 'மெட்ரோ ரயில் வரப்போகிறது, அதனால்தான் இந்த வாடகை' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். வருகிற காலத்துக்கு இன்றே வாடகை எதற்கு?

வெள்ளம் வரும் இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அந்தப் பக்கம் தண்ணீர் புகுந்தது. அங்கே வாடகை குறைவாகக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஊர்ப்பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஒரே நகரில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும். ஏரி ஒட்டிய தெருக்களில் கூடுதல் கவனம் தேவை, இந்தப் பகுதி ஏரிகள் நிறைந்தது. வீட்டுக்காரரிடம் 'தண்ணீர் வருமா' என்று கேட்டால் 'அதெல்லாம் வராது' என்பார். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமோ இஸ்திரி போடுபவரிடமோ கேளுங்கள்: '2015-இல் இந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது?' அவர் முழங்காலையோ இடுப்பையோ தொட்டுக் காட்டுவார். மதில் சுவரிலும் மீட்டர் பெட்டிக்குக் கீழேயும் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி மாற்றியிருந்தால் அதுவே ஒரு பதில்.

அப்படியானால் எந்த மாடி நல்லது? தரைத்தளத்துக்கு மழையில் ஆபத்து. மேலே மொட்டைமாடி மட்டும் இருக்கும் கடைசி மாடி, சித்திரை வைகாசியில் இரவு முழுக்கக் கொதிக்கும், ஏ.சி. செலவு ஏறும். நடுவில் இருக்கும் மாடிதான் நல்லது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மூட்டுவலிக்காரர் இருந்தால் முதல் மாடிக்கு மேல் போகாதீர்கள். மின்தூக்கி இருந்தால், மின்சாரம் போனால் அது ஓடுமா என்று கேளுங்கள்.

குடிக்கிற, குளிக்கிற தண்ணீர் எப்படி?

மூன்று கேள்விகள் கேளுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பா? கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவதுண்டா, அந்தச் செலவு யாருடையது? 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றியபோது, மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் குடிபோனவர்கள் வாடகையோடு தண்ணீருக்கும் தனியாகப் பணம் எடுத்து வைத்தார்கள்.

உப்பா இல்லையா என்று அறிய, குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வரவில்லை என்றால் கடினநீர் (சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள நீர்). குளியலறைக் குழாய்களில் வெள்ளைப் படிவமும் ஓடுகளில் மஞ்சள் கறையும் அதையே சொல்லும். குடிக்க மாதம் எத்தனை 20 லிட்டர் கேன் வாங்க வேண்டும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கட்டடத்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, இல்லை கழிவுநீர்த் தொட்டியா என்பதையும் கேளுங்கள். தொட்டி என்றால் அதைக் காலிசெய்ய லாரி வரும்போது அந்தச் செலவையும் பங்கு கேட்பார்கள்.

மின்கட்டணத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் உண்டா என்பதுதான் முக்கியம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடும். 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதலான யூனிட்டுக்கு மட்டுமின்றி கீழ்ப்படியிலுள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். ஒரே இணைப்பிலிருந்து இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் இலவச யூனிட் உங்களுக்கு முழுதாகக் கிடைக்காது, எல்லோரும் மேல்படிக்குப் போய்விடுவீர்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து வசூலிக்கும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. தனி மீட்டர் என்று சொன்னால் அதன் மின் இணைப்பு எண்ணை வாங்கி, முந்தைய கட்டணங்களைப் பார்த்துவிடுங்கள்.

வாடகை தவிர முதல் நாளில் எவ்வளவு பணம் கையில் வேண்டும்?

பலர் இங்கேதான் திணறுகிறார்கள். வாடகை 16,000 ரூபாய், அட்வான்ஸ் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 96,000. முதல் மாத வாடகை 16,000. தரகர் மூலம் வந்திருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை கேட்பது வழக்கம், இன்னொரு 16,000. சாமான் ஏற்றும் வண்டியையும் பால் காய்ச்சும் செலவையும் சேர்க்காமலே 1,28,000 ரூபாய். மாதாமாதம் பராமரிப்புத் தொகை (காவலாளி, மோட்டார், பொதுவிளக்கு, மின்தூக்கி செலவு) வாடகையில் அடக்கமா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் இவ்வளவுதான் வாங்கலாம் என்று சட்டம் இல்லையா? இருக்கிறது. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் இருவரும் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதற்கு அந்தச் சட்டமே இடம் தருகிறது. அதனால்தான் ஐந்து, ஆறு, பத்து மாதம் என்று இன்றும் கேட்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே மூன்று மாதம் என்ற சட்டத்தைச் சொல்லிப் பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால்தான்.

பேரம் பேச நல்ல காலமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு குடிபோக நம்மில் பலர் தயங்குவார்கள், வீடுகள் காலியாகக் கிடக்கும். அந்த நம்பிக்கை உங்களுக்கு இல்லை என்றால் அப்போது வாடகையும் அட்வான்சும் குறைத்துக் கேட்கலாம். பள்ளி திறக்கும் முன், ஏப்ரல் மே மாதங்களில் தேடினால் போட்டி அதிகம்.

வீட்டுக்காரர் உண்மையான உரிமையாளர்தானா என்று எப்படி அறிவது?

வீட்டு வரி ரசீதையும் மின்கட்டண ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் இருக்கும் பெயர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரின் அடையாள அட்டையில் இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால் மகனா, மருமகளா, அதிகாரப் பத்திரம் (வேறொருவருக்காகச் செயல்படும் உரிமை தரும் ஆவணம்) பெற்றவரா என்று கேட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. லட்ச ரூபாய் கொடுக்கப்போகிறவர் நீங்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். அழகான படம், குறைந்த வாடகை, 'நான் ராணுவத்தில் வெளியூரில் இருக்கிறேன், டோக்கன் தொகை மட்டும் அனுப்புங்கள், சாவி வரும்' என்ற பேச்சு வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

'வாடகையே வேண்டாம், மொத்தமாக ஐந்து லட்சம் கொடுங்கள், போகும்போது திருப்பித் தருகிறேன்' என்று லீசுக்கு (போக்கியம்) சொல்கிறார்களே? மாதச் செலவு மிச்சம் என்று ஆசை வரும். ஆனால் அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் உங்கள் பணம் மாட்டிக்கொள்ளும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை (சொத்தின் மீதுள்ள கடன், விற்பனை விவரங்கள்) பாருங்கள், அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாமல் தொகை கொடுக்காதீர்கள். உரிமையாளர் நேரில் வராமல் நடுவில் ஒரு நிறுவனம் லீசுக்கு விடுவதாக இருந்தால் விலகிவிடுவதே நல்லது. ஆயுள் சேமிப்பு போன குடும்பங்களின் செய்திகள் இதில்தான் அதிகம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்?

பதினோரு மாத ஒப்பந்தம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்ற பழைய விதி. ஆனால் 2017 சட்டப்படி, பதினோரு மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையரிடம் (துணை ஆட்சியர் நிலையிலான அதிகாரி) பதிந்து ஒரு எண் பெற வேண்டும். இதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. வீட்டுக்காரர் தயங்கினாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். பின்னால் அட்வான்ஸ் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் பிடிமானம் அந்தப் பதிவுதான்.

வாடகை, அட்வான்ஸ், ஆண்டுக்கு எத்தனை சதவீத உயர்வு, காலிசெய்ய எத்தனை மாத அவகாசம், பராமரிப்புத் தொகை, லாரித் தண்ணீர்ச் செலவு, வண்டி நிறுத்தும் இடம் எது என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். 'வாய்ப்பேச்சு போதும் சார், நாம் என்ன அந்நியமா' என்று சொல்கிற நல்ல மனிதரிடமும் எழுதியே வாங்குங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை அவர் மகன் வந்து கணக்குக் கேட்கலாம்.

வெள்ளையடிக்கும் செலவை மறக்காதீர்கள். காலிசெய்யும்போது ஒரு மாத வாடகையை அதற்காகப் பிடித்துக்கொள்வது இங்கே பரவலான வழக்கம். ஆனால் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் மாற்றுவதும் மின்கம்பி மாற்றுவதும் அவருடையதே. குழாய் வாஷர், சுவிட்ச், கழிப்பறைச் சிறு பழுது போன்றவை உங்களுடையவை. ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால், 'உண்மையில் ஆகும் செலவு மட்டும்' என்று மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

அலுவலகத்தில் வாடகைப்படிக்கு வருமான வரிச் சலுகை கோருபவர் என்றால், ஆண்டு வாடகை 1 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் தேவைப்படும். கொடுப்பாரா என்பதைக் குடிபோகும் முன்பே கேளுங்கள். வாடகையை வங்கிவழி அனுப்புவதும் ரசீது வாங்குவதும் நல்லது.

'உங்களுக்குத் தர மாட்டோம்' என்று சொன்னால்?

இது நடக்கிறது. சைவம் மட்டும், குடும்பம் மட்டும் என்று பலகையிலேயே எழுதியிருப்பார்கள், எழுதாமல் சாதியையும் மதத்தையும் சுற்றிவளைத்துக் கேட்பார்கள். இது தவறு என்றே நினைக்கிறேன். ஆனாலும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை வீணாகக் கூடாது. நேரில் போகும் முன் தொலைபேசியிலேயே, இத்தனை பேர், அசைவம் சமைப்போம், பெற்றோர் வந்து தங்குவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பொய் சொல்லிக் குடிபோனால் மீன் குழம்பு வைக்கும் ஒவ்வொரு நாளும் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும்.

குடிபோன பிறகு வீட்டுக்காரர் நினைத்த நேரத்தில் உள்ளே வரலாமா? வரக்கூடாது. 24 மணி நேரம் முன்பாகத் தெரிவித்துவிட்டு, உரிய காரணத்துக்காகத்தான் வரலாம். தகராறு என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ அவர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை ஆணையரிடம் முறையிடலாம்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

சாமான் இறங்கும் முன், காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவர் விரிசல், உடைந்த ஓடு, ஆணித் துளை, குழாய்க் கசிவு எல்லாம் அதில் வரட்டும். மின் மீட்டரின் அளவைத் தனியே படம் எடுங்கள். மின்விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, கீசர் வேலை செய்கிறதா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வீடியோவை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிந்துகொள்ளும். காலிசெய்து சாவியைத் திருப்பிக் கொடுத்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸ் திரும்பி வர வேண்டும் என்கிறது சட்டம். எது நியாயமான கழிவு என்று பேச உட்காரும்போது, இந்த வீடியோவும் தாளும் உங்களிடம் இருக்க வேண்டும்.